ரேவதியின் பாலில் நாங்கள் தேடியது

எங்கள் ஆய்வகம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை விட்டு வேறு இடத்துக்குப் போகிறது. போவதற்கு முன் ஓய்வு பெற்றவர்களையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னைப் புது மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முடி போன்ற கண்ணாடி இழைகளை வெட்டி, முடுக்கி, கசிகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பார்த்த வேலையெல்லாம் இப்போது ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சொருகினால் டக்கென்று உட்கார்ந்துகொள்கிறது.

“சார், இங்க நீங்க பாத்த வேலையில எது மறக்கவே முடியாதது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் கேள்வி என்னோடு ரயிலேறி திருமுல்லைவாயில் வரைக்கும் வந்தது. அதற்கான பதில்தான் இது. இதில் வரும் ரேவதியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “தாராளமா எழுதுங்க சார், பேரையும் மாத்த வேண்டாம்” என்றாள்.

நான் திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவன். வேதியியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் எஸ்டேட்டில் இந்தத் தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால் ஒரு பக்கம் வெட்டிய இரும்பின் வாடை, இன்னொரு பக்கம் பிஸ்கட் வேகிற மணம். மழைக்காலத்தில் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவோம். பல வருஷம் மாத்திரையும் டானிக்கும் சாயப் பவுடரும்தான் என் உலகம். இவற்றில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்து அளக்கும் கருவிக்கு எல்.சி. என்று பெயர். கலவையைத் திரவத்தோடு சேர்த்து, பொடி அடைத்த ஒரு குழாய்க்குள் தள்ளினால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் ஓடுகிற கோடு மேடாக எழும்பி இறங்கும். அந்த மேட்டைத்தான் பீக் என்போம்.

அந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள ‘column’ என்ற பெயரை நாங்கள் ‘காலம்’ என்றே உச்சரிப்போம். “நம்ம காலம் போச்சு சார்” என்று ஒருவர் சொன்னால், குழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பிறகு சின்ன எல்.சி. வந்தது. பழைய குழாய் பென்சில் பருமன் என்றால், இதில் குழாயின் துவாரம் தலைமுடி அளவு. ஒரு நாள் முழுக்க ஓடினாலும் வெளியே வரும் திரவம் ஒரு தேக்கரண்டியை நிறைக்காது. எதற்கு இவ்வளவு சின்னது என்று என் மனைவி சரசு கேட்டபோது இப்படிச் சொன்னேன்: ஒரு சிட்டிகை சர்க்கரையை அண்டாத் தண்ணீரில் போட்டால் நாக்குக்குத் தெரியாது. அதையே டீ டம்ளரில் போட்டால் தெரியும். இம்மியளவு இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அது கரையும் திரவத்தைக் குறைக்க வேண்டும்.

சொல்வது எளிது. குழாயை இணைக்கும் முடி போன்ற கண்ணாடி இழையைப் பீங்கான் தகட்டால் லேசாகக் கீறி, நேராக இழுத்து ஒடிக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முனை தட்டையாக இருக்க வேண்டும். சாய்வாக ஒடிந்தால் இணைப்பில் ஊசிமுனை அளவு இடம் காலியாக நிற்கும். திரவம் அதற்குள் சுற்றிச் சுற்றி நின்று, கூராக வரவேண்டிய பீக்கைச் சப்பையாக்கிவிடும். கசிவு இன்னும் மோசம். சொட்டாகத் திரள்வதற்கு முன்பே ஏசி காற்றில் உலர்ந்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாது. டிஷ்யூ காகிதத்தின் மூலையைக் கூராக மடித்து, இணைப்பில் தொட்டுக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். மூலை கொஞ்சம் தளர்ந்தால் கசிகிறது. அப்படி நின்றபோது எனக்குள் இருந்த அமைதி, பிறகு எந்தக் கோயிலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஜெபமணி மேடம். நாகர்கோவில்காரர். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை, வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு ஒட்டுநாடாச் சுருள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரைபடத்தைத் திரையில் பார்க்க மாட்டார். காகிதத்தில் எடுக்கச் சொல்லி, நின்றுகொண்டேதான் பார்ப்பார். அதற்கு முன், “பேரை மறைச்சுக் கொண்டாங்க” என்பார். எந்தக் காகிதம் எந்த மாதிரியுடையது என்பதை ஒட்டுநாடாவால் மூடிவிட்டுத்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அவர் பிரிவில் சேர்ந்த புதிதில், “எதுக்கு மேடம் இது?” என்று கேட்டேன்.

“இது மருந்து போட்டதுன்னு தெரிஞ்சா, இல்லாத பீக்கும் என் கண்ணுக்குத் தெரியும். மனசு அப்படி. பாத்துக்கிடுங்க” என்றார்.

ரேவதி இவரிடம்தான் தொழில் படித்தாள். கரூர்ப் பெண். கணவருக்கு ஐடி வேலை, மாங்காட்டில் ஃபிளாட். எங்கள் பிரிவிலேயே சுறுசுறுப்பான கை அவளுடையது. நான் மூன்று முறை ஒடிக்கும் இழையை அவள் ஒரே முறையில் தட்டையாக ஒடித்துவிடுவாள். சின்னக் கைகள். கையுறையில் ‘ஸ்மால்’ எழுதிய பெட்டியை எங்கள் பிரிவுக்கு வாங்கியதே அவளுக்காகத்தான்.

ஒரு கட்டத்தில் அவள் நடு அளவுப் பெட்டியில் கை விட்டு எடுப்பதைப் பார்த்தேன். அப்போது கர்ப்பமாக இருந்தாள். வீக்கம் என்று நினைத்தோம். பிரசவ விடுப்புக்குப் போவதற்கு முந்தைய வாரம், பெரிய அளவுப் பெட்டியைத் தேடினாள். “மோதிரம் கழட்டவே முடியல சார், சோப்பு போட்டுப் பாத்தேன்” என்று சிரித்தாள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, பெண். பிறந்த பிறகும் கை வற்றவில்லை. செருப்பு சைஸ் மாறியது. தலைவலி விடவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் பயறு அளவு ஒரு கட்டி தெரிந்தது. கை காலைப் பெருக்க வைத்தது அதுதான். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு முன் கட்டியை அடக்க தினமும் மூன்று வேளை ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஊசி மருந்து ஒரு பெப்டைடு. புரதத்தின் சின்னத் துண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

“பால் குடுக்கலாமா டாக்டர்?” என்று கேட்டிருக்கிறாள்.

“பால்ல எவ்வளவு வரும்னு உறுதியா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. தெரியாதப்ப நிறுத்தறதுதான் நல்லது” என்றிருக்கிறார் அந்த மருத்துவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் குழந்தைக்குப் பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததைக் கக்கியது, எடை ஏறவில்லை. ரேவதி பால் வற்றாமல் இருக்க வேளாவேளைக்குப் பம்பால் எடுத்து எடுத்துச் சிங்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விடுப்பிலேயே ஆய்வகத்துக்கு வந்தாள். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“சார், நாம ஊருக்கெல்லாம் பெப்டைடு அளந்து குடுக்கறோம். என் பால்ல இருக்கறத நாமளே அளந்தா என்ன?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ரேவதியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் கேட்கணும். நம்ம பொண்ணுன்னு நாமளே இறங்கினா அது ஆய்வு இல்ல, ஆசை” என்றார். பிறகு அவரே மருத்துவருக்குப் போன் போட்டார். ஆய்வகத் தலைமையிடமும் அவரே போய்ப் பேசி அனுமதி வாங்கினார். மருத்துவரும் ஆர்வமாகத்தான் இருந்தார். நம்பகமான அளவு கிடைத்தால், அதை வைத்து முடிவு எடுக்கிறேன் என்றார். மேடம் ரேவதிக்கு ஒரே நிபந்தனை போட்டார்: “உன் சாம்பிளை நீ தொடக்கூடாது. பாட்டிலைக் குடுத்துட்டு வெளிய உட்காரு.”

பாலை நேராக அந்த முடிக் குழாய்க்குள் விட்டால் கொழுப்பும் புரதமும் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் அடைத்துவிடும். நான் அமிலம் சேர்த்துத் திரித்து, வேகமாகச் சுழற்றி, மேலே மிதக்கும் ஆடையையும் அடியில் படிந்த தயிர் போன்றதையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த தெளிந்த நீரை மட்டும் எடுத்தேன். அதை ஓட்டினோம். ஊசி போட்டுக்கொண்ட ஒரு மணி நேரத்தில் ரேவதி எடுத்த பால் அது.

கோடு தரையோடு தரையாகப் போயிற்று. பீக் வரவேண்டிய இடம் வந்தது, கடந்தது. ஒரு அசைவும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த ரேவதி, திரையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“ஒண்ணுமே இல்ல சார்! சுத்தமா இருக்கு!” அழுகையும் சிரிப்புமாகக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நான் போறேன் சார். போன உடனே குடுக்கறேன்.”

வாசலில் ஜெபமணி மேடம் வந்து நின்றார்.

“ரேவதி, இன்னைக்குக் குடுக்காத.”

“ஏன் மேடம்? நீங்களே பாருங்க.”

“பாத்தேன். மருந்து இல்லாத பால்ல தெரிஞ்சே கொஞ்சம் மருந்தைப் போட்டு ஓட்டிப் பாத்தோமா? போட்டது திரும்பி வந்துச்சா? அது வந்தாத்தான் இந்தக் கோட்டை நம்பலாம்.”

“அவ பசியில அழுதுட்டே இருக்கா மேடம்.”

மேடம் ரேவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் ரேவதி பையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரி” என்றாள்.

மருந்து எடுத்துக்கொள்ளாத ஒரு தாயின் பால் வேண்டும். எஸ்டேட் கேன்டீனில் தேவி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். நெமிலிச்சேரி. கைக்குழந்தைக்காரி. தினமும் அவள் கையால்தான் எனக்குச் சாப்பாடு. ஆனால் இதை எப்படிக் கேட்பது? ஒரு நாள் அவள் முன்னால் போய் நின்று, “இன்னும் கொஞ்சம் ரசம்” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். சரசுவிடம் சொன்னேன். அவள் மறுநாள் என்னோடு ரயிலேறி வந்து, கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் தேவியிடம் சொல்லிவிட்டாள்.

தேவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னா சார், இதுக்குத்தான் நேத்து ரசம் ரசம்னு முழிச்சிகினு இருந்தியா? ஒரு வாட்டி கேட்டா குடுக்க மாட்டேனா?” பிறகு குரல் மாறியது. “யக்கா, அந்தப் பொண்ணு பால் எடுத்து எடுத்துக் கீழ ஊத்திகினு கீதா? ஐயோ. எனக்கு ஒரு நாள் பால் கட்டிக்கினாலே உசிரு பூடும்.”

மேடம் எதற்காக எடுக்கிறோம் என்பதைத் தானே நேரில் விளக்கி, தேவியின் சம்மதத்தை வாங்கிக்கொண்டார். அவள் பாலில் எங்களுக்குத் தெரிந்த அளவு மருந்தை நான் சேர்த்தேன். அதே முறையில் திரித்து, சுழற்றி, தெளிந்த நீரை எடுத்து ஓட்டினேன்.

கோடு தரையோடு தரையாகப் போயிற்று.

நானே கையால் போட்ட மருந்து அது. இருக்கிறது என்று தெரியும். ஆனால் கருவி இல்லை என்கிறது. அப்படியானால் ரேவதியின் பாலைப் பார்த்து அது சொன்ன ‘இல்லை’க்கும் ஒரு மதிப்பும் கிடையாது. மருந்து எங்கேயோ வழியில் தொலைந்துகொண்டிருந்தது.

ரேவதிக்குப் போனில் சொன்னேன். பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது.

“வேற யாரோட சாம்பிளா இருந்தா நானே முதல்ல இதைத்தான் சார் கேட்டிருப்பேன்” என்றாள். “அன்னைக்கு மேடம் வாசல்ல நிக்கலேன்னா குடுத்திருப்பேன்.” பிறகு, “எங்க சார் போகுது?” என்று கேட்டாள். அது ஆய்வகத்து ரேவதியின் குரல். அதைக் கேட்டதும் எனக்கும் தெம்பு வந்தது.

எங்கே போகிறது என்று தேடினோம். முதலில் பாலே இல்லாமல், வெறும் தண்ணீரில் மருந்தைக் கலந்து கண்ணாடிக் குப்பியில் வைத்துப் பார்த்தேன். கலந்தவுடன் ஓட்டினால் சின்னதாகப் பீக் வந்தது. சற்று நேரம் வைத்திருந்து ஓட்டினால் பாதிகூட இல்லை. பிறகு காணவே காணோம். மருந்து குப்பியின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அளவு நிறைய இருக்கும்போது சுவரில் ஒட்டுவது கணக்கிலேயே வராது. இருப்பதே இம்மியளவு என்றால், அத்தனையும் சுவருக்குப் போய்விடும். கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இதற்கென்றே வரும் பிளாஸ்டிக் குப்பிக்கு மாறி, முதலிலேயே கொஞ்சம் அமிலமும் கரைப்பானும் ஊற்றி வைத்தோம். மருந்து நின்றது.

தண்ணீரில் நின்றது பாலில் நிற்கவில்லை. தயிராகத் திரிந்து அடியில் போவதோடு மருந்தும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்ததில்தான் தேடியது இருந்திருக்கிறது. பாலை முதலில் நன்றாக நீர்க்க வைத்து, பிறகு மெதுவாகத் திரிய விட்டு, அடியில் நின்றதை இன்னொரு முறை கழுவி எடுத்தோம். முக்கால்வாசி திரும்பி வந்தது. அடுத்தது, முடிக் குழாய்க்கு முன்னால் மருந்தைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டிக் குழாய். அதில் ஏற்றும் திரவத்தில் கரைப்பான் ஒரு பொட்டு கூடினால் மருந்து நிற்காமல் கழிவுக்கு ஓடிவிடும். குறைந்தால் வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைத் தேடி ஒவ்வொரு பொட்டாக மாற்றி மாற்றி ஓட்டினோம். சித்திரை வெயில் வேறு. மின்சாரம் போய் வந்தால் அறையின் சூடு மாறும், பீக் தள்ளி வரும், அன்றைய ஓட்டம் முழுக்க வீண்.

இதற்கு நடுவில் ரேவதியின் கணவர் ஆபீசுக்குப் போகும் வழியில் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பார். ஐஸ் பெட்டிக்குள் சின்னப் பாட்டில். முதலில் கழுத்து வரை இருந்தது. பிறகு பாதி. ஒரு நாள் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. “குறைஞ்சுக்கிட்டே வருதுங்க சார்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பாட்டிலை வாங்கி வைத்தேன்.

கடைசியாக ஒரு பேய் வந்தது. மருந்தே இல்லாத தண்ணீரை ஓட்டினாலும் சின்னதாக ஒரு பீக் எழுந்தது. முந்தைய ஓட்டத்தின் மிச்சம், மாதிரியைக் கருவிக்குள் செலுத்தும் ஊசியில் தங்கி, அடுத்ததில் எட்டிப் பார்க்கிறது. இதை விட்டுவிட்டால் ரேவதியின் பாலில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். ஊசியைக் கழுவும் திரவத்தை மாற்றி, ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் வெறும் தண்ணீரை ஓட்டி, பேய் ஓடிப்போன பிறகுதான் மேடம் தலையசைத்தார்.

“நாளைக்கு எல்லாத்தையும் வரிசையா ஓட்டுங்க. பேரை மறைச்சுக் கொண்டாங்க.”

தேவியின் வெறும் பால், தேவியின் பாலில் நாங்கள் துளியளவு மருந்து போட்டது, ரேவதி ஊசிக்குப் பிறகு எடுத்தது, அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுத்தது. நான்கு காகிதங்களிலும் பெயரை மூடி ஒட்டிக் கலைத்து மேசையில் பரப்பினேன். எது எது என்று அந்த நேரத்தில் எனக்கும் தெரியாது. மேடம் நின்றபடி ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டை இந்தப் பக்கம் வைத்தார். இரண்டை அந்தப் பக்கம்.

“இந்த ரெண்டிலயும் இருக்கு. இதுல நல்லாவே இருக்கு, இதுல கொஞ்சம். அந்த ரெண்டிலயும் இல்ல.”

நான் ஒட்டுநாடாவைப் பிரித்தேன். அவசரத்தில் காகிதம் லேசாகக் கிழிந்தது. நன்றாக இருந்தது நாங்கள் மருந்து போட்ட தேவியின் பால். கொஞ்சம் இருந்தது ரேவதி ஊசிக்குப் பின் எடுத்த பால். இல்லாத இரண்டில் ஒன்று தேவியின் வெறும் பால். மற்றது ரேவதி அடுத்த ஊசிக்கு முன் எடுத்தது.

மேடம் முதல் தடவையாக என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரைபடத்தைப் பார்த்தார். பெயர் தெரிந்த வரைபடம்.

“மருந்து வருது, போயிடுது” என்றார். “முதல் நாள் சுத்தம்னு சொன்னோம்ல, அப்பவும் இது அங்கதான் இருந்திருக்கு.”

வேறு வேறு நாளில் எடுத்த பாலை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். மேடம் மருத்துவருக்கு அளவுகளை எழுதி அனுப்பினார். அவர் குழந்தை மருத்துவரையும் கலந்து பேசிவிட்டு ரேவதியை அழைத்தார். ஒவ்வொரு ஊசிக்கும் சற்று முன் கொடுக்கலாம், ஊசிக்குப் பின் வருவதை எடுத்துக் கொட்டிவிட வேண்டும், குழந்தையை அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். இது அவளுக்காக, அவள் குழந்தைக்காக அவர்கள் பார்த்து எடுத்த முடிவு. பொதுவான விதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மேடம் அப்போதே எங்களிடம் சொன்னார்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்து ரேவதிக்கு அறுவை சிகிச்சை நடந்தது, நல்லபடியாக முடிந்தது. ஊசி நின்றது. கை முழுவதும் பழைய அளவுக்கு வரவில்லை. மோதிரத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக்கொண்டாள். வேலைக்குத் திரும்பியவள் இன்று அந்தப் பிரிவையே நடத்துகிறாள். அந்த முறையை வைத்து வேறு சில மருந்துகளையும் பாலில் அளந்தோம். மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அங்கே போன மறு வருஷம் காலமானார். ரேவதியின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், என்னை விட வேகமாக நடக்கிறாள்.

ஆனால் மருத்துவர் சரி என்று சொன்ன அந்த வாரம் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குழந்தை தாயிடம் குடிக்க மறுத்துவிட்டது. இத்தனை நாள் பாட்டிலுக்குப் பழகிய வாய். மார்பருகே கொண்டுபோனாலே முதுகை வளைத்துக்கொண்டு கத்துகிறது என்று ரேவதி சரசுவிடம் போனில் அழுதாள். இவ்வளவு அளந்தோமே, இதை யார் அளப்பது என்று எனக்கு மனசு விட்டுப் போயிற்று. சரசு பேசாமல் புடவை மாற்றிக்கொண்டாள். எஸ்டேட்டுக்குப் போய் தேவியையும் கூட்டிக்கொண்டு மாங்காட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும்.

“நீ பயந்துகினே தூக்குற. புள்ளைக்கி அது தெரியுது. அது தூக்கத்துல இருக்கசொல்ல மடியில போட்டுக்கோ. குடுக்கணும்னு நினைக்காத. சும்மா பாடு” என்று தேவி சொன்னாளாம். ரேவதிக்குப் பாட வராது. தேவியே பாடினாளாம்.

நான்காம் நாள் விடியற்காலை சரசுவின் போன் அடித்தது. நான் சமையலறையில் டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். சரசு போனைக் காதில் வைத்தாள். “ரேவதி?” என்றாள். பதில் ஏதும் வரவில்லை போலிருக்கிறது. நான் பயந்துபோய், “என்ன, என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

சரசு என் பக்கம் கையை நீட்டி, பேசாதே என்று காட்டினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே ஆவடி போகும் முதல் ரயில் கடந்து போயிற்று. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான், அங்கே யாரோ எழுந்துவிடுவார்களோ என்பது போல, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“குடிக்குதுங்க.”